ஆஸ்டரிஸ்க்கும் நோட் ஜேஎஸ்ஸும் சேர்த்து ஒரு குரல் பலகை: இதுவரை ஆன வேலை

எழுத்துக்குப் பதிலாகப் பேச்சை ஒட்டி வைக்கும் அறிவிப்புப் பலகை இது. 700 என்ற உள் எண்ணை அழைத்தால் வரவேற்பு ஒலிக்கும். 1 அழுத்தினால் புதிய செய்திகளைக் கேட்கலாம். 2 அழுத்தினால் 90 விநாடிக்குள் தன் செய்தியைச் சொல்லலாம். சொன்னது உடனே பலகையில் ஏறாது. உலாவியில் ஒருவர் கேட்டு அனுமதித்த பின்பே மற்றவர்களுக்குக் கேட்கும். இதற்கு முன்னோடி இந்தியாவிலேயே இருக்கிறது. 2010-இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, சாதாரணக் கைபேசி வைத்திருந்த கிராமத்தினர் தங்கள் செய்தியைப் பதிவு செய்யவும் பிறர் சொன்னதைக் கேட்கவும் வழி செய்தது. அதன் எளிமைதான் இந்த வேலைக்கும் அளவுகோல்.

சாமான்கள்: 2 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, 32 ஜிபி கார்டு, தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டரிஸ்க் 22, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் 22, எஸ்க்யூலைட் தரவுத்தளம். பழைய மேசைத் தொலைபேசியை இணைக்க கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 அடாப்டர். உலாவியிலிருந்து அழைக்க சிப்.ஜேஎஸ் நூலகம். இப்போதைக்கு எல்லாமே வீட்டு வைஃபைக்குள் மட்டும்.

பையில் ஓடும் டெபியன் 12 இயங்குதளத்தின் தொகுப்பில் ஆஸ்டரிஸ்க் கிடையாது. மூல நிரலை இறக்கி, அதோடு வரும் முன்தேவை ஸ்கிரிப்டை ஓட்டி, பிறகு கம்பைல் செய்ய வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, ஒலியை மறையாக்கம் செய்யும் லிப்எஸ்ஆர்டிபி நூலகம். அது இல்லாமலும் கம்பைல் ஆகிவிடும். மேசைத் தொலைபேசியும் ஒழுங்காக ஓடும். உலாவி அழைப்பு மட்டும் ஒட்டவே ஒட்டாது. உலாவியில் பேச உதவும் வெப்ஆர்டிசி தொழில்நுட்பம் மறையாக்கம் இல்லாத ஒலியை ஏற்பதில்லை என்பதே காரணம். கம்பைல் செய்யும் மேக் கட்டளைக்கு முன்பு, பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுசெலக்ட் திரையில், அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் ரெஸ்_எஸ்ஆர்டிபி தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

வேலையைப் பிரித்த விதம்தான் மற்றதையெல்லாம் எளிதாக்கியது. ஆஸ்டரிஸ்க்கின் டயல்பிளானில், அதாவது அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பட்டியலில், மெனு எதுவும் கிடையாது. அழைப்பை எடு, அதை வெளி நிரலுக்குக் கைமாற்றும் ஸ்டேசிஸ் செயலியிடம் ஒப்படை, முடிந்தால் வை என்று மூன்றே வேலைகள். மீதி முழுவதும் நோடில் இருக்கிறது. ஸ்டேசிஸ் வழியாக வரும் அழைப்பை ஏஆர்ஐ என்ற வலை இடைமுகம் கட்டுப்படுத்துகிறது. நிகழ்வுகள் வெப்சாக்கெட்டில் வரும். கட்டளைகள் ஹெச்டிடிபியில் போகும். நோட் 22-இல் ஃபெட்சும் வெப்சாக்கெட்டும் உள்ளேயே இருப்பதால் தனி நூலகம் தேவைப்படவில்லை. ஏஆர்ஐ இயங்கும் 8088 போர்ட்டை 127.0.0.1 முகவரியில், அதாவது அதே கணினிக்குள் மட்டும், திறந்து வைப்பது நல்லது. ஏஆர்ஐ கடவுச்சொல் கிடைத்தவர் எந்த அழைப்பையும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

நோட் நிரல் ஓடாத நேரத்தில் அழைப்பு வந்தால் ஸ்டேசிஸ் தோற்று, டயல்பிளான் அடுத்த வரிக்குப் போகும். அந்த வரியில் நேராக வைத்துவிடாமல், 'பலகை இப்போது இயங்கவில்லை, சற்றுப் பொறுத்து அழைக்கவும்' என்ற பதிவை ஒலிக்க வைத்திருக்கிறோம். இணையப் பக்கம் திறக்காவிட்டால் திரை ஏதாவது சொல்லும். தொலைபேசி மௌனமாகத் துண்டித்தால் அழைத்தவர் தன் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று நினைப்பார்.

நோடுக்குள் ஒவ்வொரு அழைப்பும் ஒரு நிலை எந்திரம். வரவேற்பு, மெனு, கேட்டல், பதிவு, விடைபெறல் என்று ஐந்து நிலைகள். தற்போதைய நிலையும் வந்த நிகழ்வும் ஒரு செயல்பாட்டுக்குள் போகும். அடுத்த நிலையும் செய்ய வேண்டிய செயல்களும் வெளியே வரும். அந்தச் செயல்பாட்டுக்கு ஆஸ்டரிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் தொலைபேசியைத் தொடாமலே அதைச் சோதிக்க முடிகிறது.

அதிக நேரம் பிடித்தது, பேச்சு ஓடும்போதே எண்ணை அழுத்தினால் என்ன ஆகவேண்டும் என்பது. பழகியவர்கள் வரவேற்பு முடியும்வரை காத்திருப்பதில்லை. எண் அழுத்திய நிகழ்வு வந்ததும் ஓடும் பிளேபேக்கை, அதாவது ஒலித்துக்கொண்டிருக்கும் பதிவை, டெலீட் கட்டளையால் நிறுத்துகிறோம். ஆனால் நிறுத்தினாலும் பிளேபேக் முடிந்தது என்ற நிகழ்வு வரும். 'வரவேற்பு முடிந்தால் மெனுவுக்குப் போ' என்று எழுதியிருந்தால், 2 அழுத்திப் பதிவுக்குப் போனவரை அந்த நிகழ்வு மறுபடி மெனுவுக்கு இழுத்து வந்துவிடும். தீர்வு: ஒவ்வொரு பிளேபேக்குக்கும் நாமே அடையாள எண் கொடுத்து, நடப்பு எண்ணோடு பொருந்தாத முடிவு நிகழ்வைத் தள்ளிவிடுவது.

இன்னொன்று. ஏஆர்ஐயில் எண் நிகழ்வு, விரல் பொத்தானை விட்ட பிறகே வருகிறது. அழுத்தியபடியே பிடித்திருப்பவருக்குப் பேச்சு தொடர்ந்து ஓடும். இதை மாற்ற வழியில்லை. பேச்சைச் சுருக்குவதுதான் வழி.

காத்திருப்புக் கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். பேச்சு தொடங்கும்போதே 6 விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டால், நீளமான மெனுவில் கடைசி வாக்கியம் முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். பிளேபேக் முடிந்த நிகழ்வில்தான் அதைத் தொடங்க வேண்டும். முதல் முறை பதில் இல்லையென்றால் மெனுவின் சுருக்க வடிவம். இரண்டாம் முறையும் இல்லையென்றால் விடைபெறும் வரி. மெனு வாக்கியங்களில் நோக்கம் முதலில், எண் கடைசியில்: 'புதிய செய்திகளைக் கேட்க, ஒன்றை அழுத்தவும்.' காது கடைசியாகக் கேட்டதைத்தான் விரலுக்குச் சொல்கிறது.

ஒலிக் கோப்புகள். தொலைபேசியின் ஜி.711 ஒலி விநாடிக்கு 8000 மாதிரிகள்தான். பழைய கம்பிவழி அலைவரிசை ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ். எனவே எல்லாப் பதிவும் 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பைக் கொடுத்தால் ஆஸ்டரிஸ்க் லாகில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு மௌனமாக இருந்துவிடும். ஒலிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, லவுட்நார்ம் வடிகட்டியால் ஒலி அளவைச் சமன் செய்கிறோம். லவுட்நார்ம் தன் வெளியீட்டை 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்திவிடும். 8000 என்ற விகிதத்தை வெளியீட்டுக்குத் தனியே குறிப்பிடாவிட்டால் கோப்பு வீங்கிவிடும், ஓடவும் ஓடாது. பிளே கட்டளையில் கோப்பின் பெயரை அதன் வகையைச் சொல்லும் வால் இல்லாமல் கொடுக்க வேண்டும். டாட் வேவ் என்று சேர்த்தால் கோப்பு கிடைக்கவில்லை என்றே பதில் வரும்.

இந்த அளவில் ஒரு விநாடி 16,000 பைட். முழு 90 விநாடிச் செய்தி 1.44 எம்பி, அப்படி 500 செய்திகள் சேர்ந்தாலும் 720 எம்பிதான். கார்டு நிறையும் கவலை இல்லை.

பதிவுக் கட்டளையில் அதிகபட்ச நேரம் 90, மௌனம் 5 விநாடி, முடிக்க ஹேஷ் பொத்தான். மௌனத்தை மட்டும் நம்பக்கூடாது. மின்விசிறி ஓடும் அறையில் ஆஸ்டரிஸ்க்குக்கு மௌனம் என்பதே கிடைக்காமல், 90 விநாடியும் இரைச்சலாகப் பதிவாகும். டிஎஸ்பி அமைப்புக் கோப்பில், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் மௌனம் என்று சொல்லும் சைலன்ஸ் திரெஷோல்டின் இயல்பு மதிப்பு 256, அதை உயர்த்தலாம். அதிகம் உயர்த்தினால் தாழ்ந்த குரலில் பேசுபவர் பாதியில் வெட்டுப்படுவார். ஹேஷ் பொத்தானைத் தெளிவாகச் சொல்லிவிட்டு இந்த மதிப்பைத் தொடாமல் விடுவதே மேல்.

'உங்களுக்கு இருபத்து மூன்று புதிய செய்திகள்' என்பதில்தான் தமிழுக்கென்று தனி வேலை வந்தது. இருபது, மூன்று என்ற இரண்டு பதிவுகளை ஒட்டினால் வராது. இருபது தனியே நிற்கும்போது ஒரு வடிவம், பின்னால் எண் வரும்போது இருபத்து, நூறு நூற்றாகும், தொள்ளாயிரம் தொள்ளாயிரத்து ஆகும். 999 வரை சொல்ல வேண்டிய பதிவுகள்: 1 முதல் 19 வரை 19, பத்துகள் எட்டுக்கும் இரண்டிரண்டு வடிவமாக 16, நூறுகள் ஒன்பதுக்கும் இரண்டிரண்டாக 18. மொத்தம் 53. எல்லாவற்றையும் ஒரே அமர்வில், ஒரே தொலைவில் மைக் வைத்து, தொடர் வாக்கியத்துக்குள் சொல்லிப் பதிந்து வெட்டி எடுக்க வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொரு சொல்லிலும் குரல் இறங்கி முடியும். ஒட்டும்போது பட்டியல் வாசிப்பது போல இருக்கும். ஆஸ்டரிஸ்க் ஒரே பிளே கட்டளையில் பல கோப்புகளைக் காற்புள்ளியிட்டு ஏற்கும். தனித்தனிக் கட்டளைகளாக அனுப்புவதைவிட இது சீராக ஒலிக்கிறது.

உலாவிப் பக்கம் இரண்டு வேலை செய்கிறது. அனுமதிப் பட்டியல் எளிது. பதிவுக் கோப்பை ஏஆர்ஐ மூலமாகவே வாங்கி ஆடியோ டேகில் ஒலிக்க வைத்தால் போதும். ஆஸ்டரிஸ்க் பயனருக்குச் சொந்தமான கோப்புறையில் அனுமதிச் சிக்கலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

உலாவியிலிருந்து அழைப்பதற்கு 8089 போர்ட்டில் பாதுகாப்பான வெப்சாக்கெட் வேண்டும். நாமே ஒப்பமிட்ட சான்றிதழ் என்றால் உலாவி 1006 என்ற எண்ணோடு இணைப்பை முறிக்கும், காரணம் சொல்லாது. அதே முகவரியை ஹெச்டிடிபிஎஸ்ஸாகத் தனித் தாவலில் திறந்து ஒருமுறை ஏற்றுக்கொண்டால் வழிவிடும். பக்கமும் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால்தான் மைக் கிடைக்கும். சாதாரண ஹெச்டிடிபியில் மீடியாடிவைசஸ் என்ற பொருளே இருக்காது. லோக்கல்ஹோஸ்ட் மட்டும் விலக்கு.

கோடெக், அதாவது ஒலியைக் குறியாக்கி அனுப்பும் முறை, விஷயத்தில் ஓபஸ் என்ற கோடெக்கின் ஆசையை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஆஸ்டரிஸ்க்குக்குக் கிடைக்கும் அதிகாரபூர்வ ஓபஸ் மாட்யூல் எக்ஸ்86 கணினிகளுக்கு மட்டுமே. ராஸ்பெர்ரி பையின் சில்லு ஏஆர்எம் வகை. வெப்ஆர்டிசி உலாவிகள் ஓபஸோடு ஜி.711-ஐயும் ஆதரித்தாக வேண்டும் என்பது தரநிலை என்பதால், ஜி.711-இன் ஒரு வகையான ஏ-லாவை மட்டும் அனுமதித்தோம். 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட். தலைப்புகளோடு ஏறக்குறைய 200 பைட். ஒவ்வொரு திசைக்கும் விநாடிக்கு ஏறக்குறைய 80 கிலோபிட். வீட்டு வைஃபைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது பொது எண். அதற்கு உரிமம் பெற்ற சேவை நிறுவனத்தின் வழியே போவதுதான் முறை. ட்விலியோ போன்ற சேவைகளில் ஏற்பாடு தலைகீழ்: அழைப்பு வந்ததும் அவர்கள் நம் வலை முகவரியைக் கேட்பார்கள், நாம் எக்ஸ்எம்எல் திருப்பித் தருகிறோம். குரல் பக்கத்தை வலைப்பக்கம் போல வாங்கி ஓட்டும் இந்த எண்ணம் புதிதல்ல; வாய்ஸ்எக்ஸ்எம்எல் 2.0-ஐ டபிள்யூ3சி 2004-லேயே தரநிலையாக்கியது. நிலை எந்திரம் தனியாக இருப்பதால் எழுத வேண்டியது ஒரு மெல்லிய இணைப்பி மட்டும். அது பாதி முடிந்திருக்கிறது. அதில் கேதர் என்ற குறி எண்ணுக்காக இயல்பாக 5 விநாடி காத்திருக்கும். எண் வராவிட்டால் அடுத்த குறிக்குப் போகும். அடுத்து எதுவும் இல்லையென்றால் அழைப்பு துண்டிக்கப்படும். எனவே ஒவ்வொரு கேதருக்குப் பின்னும், அழைப்பை வேறு முகவரிக்குத் திருப்பும் ஒரு ரீடைரக்ட் குறி கட்டாயம். வரும் கோரிக்கையின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. அது முடியும்வரை அந்த முகவரி வெளியே திறக்கப்படாது.