இரும்பு உள்ளே, மரம் வெளியே

வீட்டு மரவேலைப் பட்டறைக்கு அலமாரி செய்வது எப்படி என்று யூடியூபில் தேடினால் வருகிற வீடியோ எல்லாவற்றிலும் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்கும். பார்க்க அழகுதான், கை நீட்டினால் எடுத்துவிடலாம். ஆனால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று நம்ம ராமநாதபுரம் கரையில் எங்கே பட்டறை போட்டிருந்தாலும் தயவுசெய்து அதை அப்படியே செய்யாதீர்கள். இங்கே இரும்புக்குக் கதவு வேண்டும். மரத்தால் ஆனதை வேண்டுமானால் சுவரோரம் மாட்டிக்கொள்ளலாம். என் பட்டறையை இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் மாற்றி அமைத்தேன்.

எங்கள் வீடு மண்டபத்துக்குப் பக்கம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, தெற்கிலிருந்து சோழகம் அடித்தாலும் வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் கடலைத் தொட்டுத்தான் வீட்டுக்குள் வரும். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆராய காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) நிறுவனமே மண்டபம் முகாமில் கிளை வைத்த ஊர் இது. காற்றோடு வருகிற உப்புத்தூள் உளி மேல் படியும், கண்ணுக்குத் தெரியாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும், மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. ராத்திரியில் இங்கே அந்த அளவு ஈரம் சாதாரணம். அதனால்தான் வேலை முடிந்ததும் நேராக எண்ணெய் தடவுவதில் பயனில்லை, முதலில் லேசாக ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, அப்புறம்தான் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகிவிடும், தூள் ஒட்டும், வேண்டாம்.

சரி, அலமாரிக்கு வருவோம். உடம்புக்கு 18 மில்லி மரைன் ப்ளைவுட் வாங்கினேன். மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பலகையைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். கதவுக்குக் காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் கிடைத்த தேக்கு. இரட்டைக் கதவு, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருகிற மாதிரி படி வெட்டி, சுற்றிலும் ரப்பர் பீடிங் ஒட்டியிருக்கிறேன். உள்ளே உளிகளுக்கு ஒரு துளைப்பலகை, பிடி துளையில் உட்கார்ந்துகொள்ளும், இரும்பு எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். இந்த உள்பலகைக்குக் கருவேலங்கட்டையைப் போடாதீர்கள், அதில் துவர்ப்புச் சத்து அதிகம், ஈரம் பட்ட இரும்பு அதன் மேல் கிடந்தால் இரண்டுமே கறுத்துப்போகும். தேக்கு நல்லது, அதில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு.

அலமாரியின் அடித்தட்டில் கம்பிவலைக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிகிறது. பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், பேர் ஜீரோ என்றாலும் அது 12லிருந்து 15 வாட் வரை இழுக்கும், அந்தச் சூடுதான் நமக்குத் தேவை. எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் வரும், சூடு வராது. உள்காற்று இரண்டு மூன்று டிகிரி கூடினாலே ஈரப்பதம் இறங்கிவிடும். பல்புக்குக் கிட்டே சீவலோ எண்ணெய்த் துணியோ கிடக்கக் கூடாது, இதில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம், நீலமணி ரோஸ் நிறமானால் சூடுகாட்டி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் அந்த நீலத்தில் கோபால்ட் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

அடுத்த சிக்கல் சுவர். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பல முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை, எங்கள் பின்கட்டும் அப்படித்தான். துளைபோட்டு பிளக் அடித்தால் பிடிக்காது, பொலபொலவென்று கொட்டும். அதனால் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் இரண்டு வேப்பஞ்சட்டங்களை நிறுத்தி, குறுக்கே 45 டிகிரி சாய்வில் அறுத்த ரீப்பர்களை அடித்தேன். பிரெஞ்ச் கிளீட் என்பார்களே அதுதான். மாட்டுகிற சாமானின் முதுகிலும் அதே சாய்வில் ஒரு ரீப்பர், மேலிருந்து இறக்கினால் கவ்விக்கொள்ளும். சுவருக்கும் பாரம் இல்லை, பின்னாடி காற்றும் போகும். ஸ்குரூ எல்லாம் எஸ்.எஸ். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. விலை கூடத்தான், ஆனால் வழக்கமான 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் இதில் இருப்பதால் உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும்.

இந்தச் சட்டத்தில்தான் மர ஜிக்குகள், அதாவது அளவு பிசகாமல் வேலை செய்ய உதவும் துணைக்கருவிகள், தொங்குகின்றன. அதில் எனக்கு உயிர் ஷூட்டிங் போர்டு, பலகையின் முனையை நேர்மூலையாக இழைக்க உதவுகிற பலகை. கை ரம்பத்தால் அறுத்த பலகையின் முனை எவ்வளவு கவனமாக அறுத்தாலும் மயிரிழை கோணியிருக்கும், பெட்டி செய்யும்போது அந்த மயிரிழைதான் மூலையில் சந்தாக வாய்பிளக்கும். இரண்டடி நீளத்தில் 18 மில்லி ப்ளைவுட் அடிப்பலகை, அதன் மேல் ஒரு பக்கம் மூன்று அங்குலம் விட்டு 12 மில்லி பலகையை ஒட்டுங்கள், படி மாதிரி வரும். மேல்பலகையின் கோடியில் குறுக்கே ஒரு தேக்குத் தடுப்பு. இழைப்புளியைப் பக்கவாட்டில் அந்தப் படியில் படுக்கவைத்து ஓட்டினால், தடுப்பில் அண்டக்கொடுத்த பலகையின் முனை நேர்மூலையாகச் சீவிக்கொண்டு வரும். முதலில் ஓட்டும்போது மேல்பலகையின் விளிம்பையும் கொஞ்சம் சீவும், பயப்படாதீர்கள், இழைப்புளியின் தகடு அதன் உடம்பைவிட அகலம் குறைவு, ஓரளவுக்கு மேல் போகாது.

எல்லாமே அந்தத் தடுப்பில்தான் இருக்கிறது. முதலில் மூலைமட்டத்தையே சோதியுங்கள்: நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு, புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு, இரண்டும் விலகினால் மட்டமே கோணல். மட்டம் சரியென்றால் தடுப்பை ஒரு ஸ்குரூவில் நிறுத்தி, அகலமான துண்டை இழைத்துப் பார்த்து, தட்டித் தட்டிச் சரிசெய்து, அப்புறம்தான் இரண்டாவது ஸ்குரூ. நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் படகு வேலை பார்க்கிற ஆசாரி மாமா எட்டிப் பார்த்து, "தம்பி, தகட்ட நல்லா தீட்டிட்டு ஓட்டுப்பா, முனையில தூளா வந்தா மொட்டைனு அர்த்தம்" என்றார். உண்மைதான். தீட்டிய தகட்டில் தேக்கு முனைகூட மெல்லிய சீவலாகச் சுருண்டு விழுகிறது, முனை மெழுகு தேய்த்த மாதிரி பளபளக்கிறது.

பலகைகளைப் படுக்கைவசமாகத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இடையிடையே ஒரே கனத்துக் குச்சி வைத்து அடுக்கியிருக்கிறேன். கரையானும் எளிதில் ஏறாது, வளையவும் வளையாது. இழுப்பறை செய்கிறவர்களுக்கு ஒன்று: மே மாத வெயிலில் இறுக்கமாகப் பொருத்தினால் ஐப்பசி மழையில் திறக்காது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக ஊதாது, அகலத்தில்தான் ஊதும், ஆகவே இரு பக்கமும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு உயரத்தில் இரண்டு மில்லியாவது இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் செய்கிறீர்கள் என்றால் ஒரு மில்லியே தாராளம்.