பெயர் பல, எஞ்சின் மூன்று

குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, ஃபயர்பாக்ஸ், சஃபாரி என்று உலாவிகளின் பெயர்கள் நீண்டுகொண்டே போனாலும், இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து தரும் எஞ்சின்கள் என்று பார்த்தால் பரவலான புழக்கத்தில் இருப்பவை மூன்றே: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. மேலே சொன்னவற்றில் முதல் ஐந்தும் கணினியில் பிளிங்கில்தான் ஓடுகின்றன. ஆகவே ‘எட்ஜா, குரோமா’ என்று கேட்பவர்களிடம், வேகத்தை வைத்து முடிவெடுக்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை என்றே சொல்லிவருகிறேன்.

ஓபரா தன் சொந்த பிரெஸ்டோ எஞ்சினை 2013-இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் குரோமுக்கு அடித்தளமான, பிளிங்கைக் கொண்ட குரோமியம் என்ற திறமூல உலாவியின் மேல் கட்டிய புதிய எட்ஜை வெளியிட்டது. பிளிங்க் வெப்கிட்டிலிருந்து பிரிந்தது. வெப்கிட்டோ லினக்ஸ் உலகின் கான்கொரர் உலாவிக்காக எழுதப்பட்ட கேஎச்டிஎம்எல் என்ற எஞ்சினிலிருந்து பிறந்தது. இந்த வம்சாவளியைக் குரோம் இன்றும் ஒவ்வொரு தளத்திடமும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள அது அனுப்பும் வரியில் முதலில் ‘மொசில்லா/5.0’, பிறகு ‘ஆப்பிள்வெப்கிட்’, அடைப்புக்குறிக்குள் ‘கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ’ என்று வந்த பின்னரே அதன் சொந்தப் பெயர் வருகிறது. அதற்கும் பின்னால் ‘சஃபாரி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தளங்கள் பெயர் பார்த்து உள்ளே விட்ட காலத்தில் ஒவ்வொரு உலாவியும் முந்தையவற்றின் பெயரைக் கடன் வாங்கியதன் மிச்சம் அது.

ஒரே எஞ்சின் கோலோச்சினால் என்னாகும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. இடையில், 2004-இல் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்திராவிட்டால் இன்னும் தாமதமாகியிருக்கும் என்பது என் கணிப்பு. அந்த ஃபயர்பாக்ஸும் குறையற்றதல்ல. இருபுறமும் சீராக்கிய தமிழ்ப் பதிவுகள் அதன் தொடக்கப் பதிப்புகளில் கொம்பு ஒருபுறம் எழுத்து ஒருபுறமாக உடைந்து தெரிந்ததைப் பழைய வலைப்பதிவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று நான் ஃபயர்பாக்ஸையே முதன்மையாக வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் விளம்பரத் தடுப்பான். நீட்சிகளுக்கான (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) மேனிஃபெஸ்ட் வி3 விதிகளின்படி, பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் இடைமறித்துத் தானே முடிவெடுக்கும் உரிமையைச் சாதாரண நீட்சிகளிடமிருந்து குரோம் எடுத்துவிட்டது. முன்கூட்டியே கொடுத்த விதிப்பட்டியலை வைத்து உலாவிதான் தடுக்கும். அதனால் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் அங்கே ‘லைட்’ வடிவமாகச் சுருங்கிவிட்டது, ஃபயர்பாக்ஸில் முழுமையாக இயங்குகிறது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பது செய்தித் தளங்களைக் கைப்பேசியில் படிப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை இயல்பிருப்பாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம் என்பது வேறு விஷயம். அந்த நெருடல் எனக்கும் உண்டு.

குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிடப்படும் தளங்களுக்காகக் குரோமியம் உலாவி ஒன்றையும் வைத்திருக்கிறேன். விண்டோஸில் எட்ஜ் ஏற்கெனவே இருப்பதால் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல் விதி தளர்த்தப்பட்டாலும், நம் ஊரில் அங்கே எந்தப் பெயரில் உலாவி நிறுவினாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான். கடவுச்சொற்களும் புத்தகக்குறிகளும் கணினியோடு ஒத்திசைய வேண்டும் என்பதற்காக வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.