தாராவியிலிருந்து ஆப்தல் சீட்: சாதிச் சான்றிதழை இப்போதே எடுங்கள்

எம்.எஸ். ஆப்தல், அதாவது கண் மருத்துவ மேற்படிப்பு, கிடைத்துவிட்டது. மும்பையிலேயே, அகில இந்திய ஒதுக்கீட்டில், எஸ்.சி. பிரிவில். அம்மா இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்.

மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கு எப்படிப் படிப்பது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சாதிச் சான்றிதழைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நல்ல ரேங்க் வாங்கியும் சறுக்குவது அங்கேதான்.

1950 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்றால், இங்கேயே பிறந்திருந்தாலும் மகாராஷ்டிர மாநில ஒதுக்கீட்டில் நாம் ஓபன்தான், அதாவது பொதுப் பிரிவு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான மத்திய கவுன்சிலிங்கில் அப்படியில்லை. அங்கே எஸ்.சி.க்கு உள்ள 15 சதவீதத்தில் நமக்கும் உரிமை உண்டு. ஆனால் அப்பாவுக்குச் சொந்த ஊரில் கொடுத்த சாதிச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. எங்கள் அப்பாவிடம் இருந்தது லேமினேட் செய்த பழைய தாள். அதில் தாத்தா பெயர் வெறும் இனிஷியல். அதைச் சரிசெய்ய அப்பா கூலியை விட்டுவிட்டு திருநெல்வேலிக்கு ரயிலேறினார். இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள்.

ஆகவே:
- அப்பா சான்றிதழ், உங்கள் சான்றிதழ், பத்தாவது மார்க்‌ஷீட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்.
- உங்கள் சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் இருக்கட்டும், ஆங்கிலத்திலோ இந்தியிலோ.
- தேர்வைப் பற்றி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கேள்விப் பகுதியும் 42 நிமிடத்தில் மூடிவிடும். ஃபண்டஸ் (விழித்திரை) படக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

டெர்மா (தோல் மருத்துவம்) எடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இன்டர்ன்ஷிப்பில் கண் ஓ.பி.யில் ஒரு பாட்டியின் கேஸ் பேப்பரில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. இந்தியில் கேட்டது அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். E எழுத்துகள் பல பக்கம் திரும்பியிருக்கும் பார்வை அட்டையைக் காட்டி, “ஆச்சி, இந்தக் கம்பு மூணும் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு, கையால காட்டுங்க” என்றேன். வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். வலது கண் 6/12, ஓரளவு பார்வை. இடது கண்ணில் விரல் எண்ணத்தான் முடிந்தது. அன்றே கண்புரை அறுவைப் பட்டியலில் பெயர் ஏறியது.

1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துக் கண் பரிசோதனையில் நிறுத்தினார். டாக்டர் நாற்காலிக்கும் நம் தெருப் பிள்ளைகள் வர வேண்டும்.

அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சிலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் கொடுப்பது. கல்லூரிப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டாம் வருட சீனியரைப் பிடித்து, கண்புரை அறுவையை முழுசாகக் கையில் கொடுக்கிறார்களா, பக்கத்தில் நிற்க மட்டும் விடுகிறார்களா என்று கேட்டுவிட்டு வரிசைப்படுத்துங்கள்.