துண்டுக்குள் பேச்சு

அப்பா மாட்டுத் தரகர். மாட்டுத்தாவணி என்றால் இன்றைக்கு மதுரைக்காரர்களுக்கு பஸ் ஸ்டாண்டுதான். 1999-இல் அது வருவதற்கு முன்பே, தாவணி என்றால் மாட்டுச் சந்தை என்று பழகிய ஆள் அவர்.

போன ஆவணியில் வாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் இடம் அங்கேதான். 1861-இல் பிரான்ஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஒலிதான் திரும்பத் திரும்ப வந்தது. அப்பாவுக்கு 'சரி'. தண்ணீர் வேண்டும் என்றாலும் 'சரி', வேண்டாம் என்றாலும் 'சரி'.

எழுதியாவது காட்டட்டும் என்று சிலேட்டு வாங்கி வந்தேன். இடது கையால் கோடு இழுத்தார், எழுத்து வரவில்லை. இதில் பேச்சோடு எழுத்தும் அடிபடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் குனிந்து அவர் காதில் கத்துகிறார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, சொல்வது புரிகிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வழி கண்டவர் அம்மா. ஒருநாள் காலை, "இட்லி எத்தனைங்க? விரலைப் பிடிச்சுச் சொல்லுங்க" என்று கையை நீட்டினார். அப்பா தோள்துண்டை இழுத்து அந்தக் கைமேல் போட்டார். உள்ளே மூன்று விரலைப் பிடித்தார்.

சந்தையில் பேரம் இப்படித்தான். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, அப்புறம் ஒன்றைத் தொட்டால் ஆறு. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த மாட்டின் பேரம் கெட்டுவிடும். படியாவிட்டால் உள்ளங்கையை ஒரு தள்ளு. இப்போது மாத்திரை வேண்டாம் என்பதற்கும் அதே தள்ளுதான். நானும் கற்றுக்கொண்டுவிட்டேன். என் விரல்களை அவர் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது சின்ன வயதில் சந்தைக்குக் கூட்டிப்போனபோதுதான்.

போன வாரம் அவருடைய பழைய கூட்டாளி வந்தார். கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் இடது கைமேல் துண்டைப் போட்டார். பத்து நிமிஷம் துண்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. திடீரென்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன மாமா பேசினீங்க?" என்றேன்.

"அது வியாபாரம்டா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா "சரி" என்றார்.