அம்மாவுக்கு டி அண்ட் சி

2024 ஜூன் 3, திங்கள்

துணி காயப்போடும்போது அம்மா மெதுவாகச் சொன்னார். "மறுபடியும் தீட்டு படுதுடி. பத்து நாளாச்சு." அம்மாவுக்கு 57 வயது. மாதவிலக்கு நின்று 6 வருடமாகிறது. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தாராம். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் முழுதாகக் கடந்துவிட்டால், அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்கு இது தெரியும். அம்மாவிடம் சொல்லி வைக்காதது என் தப்பு.

ஜூன் 5, புதன்

உள் ஸ்கேனில் கருப்பையின் உள்சவ்வு 11 மில்லிமீட்டர். இந்த வயதில் 4-க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லையாம். டி அண்ட் சி, அதாவது கருப்பை வாயை விரித்து உள்சவ்வைச் சுரண்டி எடுப்பது, அதைச் செய்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டரம்மா. அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கலைக்கிறதுக்குத்தானே அது பண்ணுவாங்க?"

டாக்டரம்மா நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழந்தை தானாகக் கலைந்து மிச்சம் தங்கினாலும், பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும், குழந்தைக்குப் பதில் நஞ்சு திராட்சைக் குலைபோல வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பமாக இருந்தாலும் இதையேதான் செய்வார்களாம். "உங்களுக்கு இது டெஸ்ட்தாம்மா. இப்படி வர்றவங்கள்ல பத்துல ஒருத்தருக்குப் புற்றுநோயா இருக்கும். பார்க்காம விட முடியாது."

இரவு விளக்கை அணைத்தபிறகு அம்மா பேசினார். நான் பிறப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு கரு மூன்றாம் மாதத்தில் தானாகக் கலைந்திருக்கிறது. உதிரம் நிற்கவே இல்லையாம். தர்மாஸ்பத்திரியில் சுத்தம் செய்துதான் உயிர் பிழைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பினால், வேண்டுமென்றே கலைத்துவிட்டு வந்ததாகத் தெருவே பேசியிருக்கிறது. ஆச்சிகூட நம்பவில்லை. "அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருது" என்றார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூன் 8, சனி

ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. காலையில் சர்க்கரை மாத்திரையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மயக்க ஊசி போட்டு, கருப்பை வாயை மெல்ல விரித்து, உள்ளே சுரண்டி எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சிறு பாட்டிலில் பார்மலின் ஊற்றி, எடுத்த சதையை அதில் போட்டு என் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

சித்தி போனில், "எதுக்கு இந்த டெஸ்டெல்லாம், கர்ப்பப்பையையே எடுத்துடுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என்னவென்றே தெரியாமல் எடுப்பதா? உள்ளே புற்றுநோய் இருந்தால் ஆபரேஷனின் அளவே மாறும். ஒன்றும் இல்லையென்றால் எடுக்கவே தேவையிருக்காது.

ஜூன் 15, சனி

ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. சவ்வு தடித்திருக்கிறது, ஆனால் செல்களில் கெட்ட மாற்றம் எதுவும் இல்லை. உடல் எடை கூடும்போது கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உருவாகி சவ்வை இப்படி வளர்த்துவிடுமாம். அந்த வளர்ச்சியை அடக்க ஆறு மாதம் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை, அப்புறம் மறுபடி சவ்வை எடுத்துப் பார்ப்பார்கள்.

அம்மா காலண்டரில் டிசம்பர் 15-ஐ வட்டமிட்டார். பக்கத்தில் 'டி அண்ட் சி' என்று எழுதியிருக்கிறார், கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி.