அடுத்தவர் பென்சிலுக்கு மை

பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய இடத்தில்தான் என் முதல் வேலை. மூத்த ஓவியர் பென்சிலில் வரைந்து தருவார். அதன்மேல் நான் மை போடுவேன். இரண்டு வருடமாக இதே வேலை. இதெல்லாம் ஓவியன் செய்கிற வேலையா என்று உள்ளுக்குள் குமுறல்.

ஒருநாள் வரலாற்றுப் பாடத்துக்குக் குதிரைப்படை. அவசரமாக முடித்துக் கொடுத்தேன். அண்ணன் வாங்கிப் பார்த்தார். "தம்பி, இந்தக் குதிரை ஓடினா விழுந்துடும். கால் எங்கே மடங்கும்னு பார்க்காம கோட்டு மேல கோடு போட்டிருக்கே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

அன்றிரவு பழைய கேப்டன் டைகர் கவ்பாய் காமிக்ஸ் புத்தகங்களை எடுத்தேன். சின்ன வயதில் கதைக்காகப் படித்தவை. இப்போது குதிரைகளின் கால்களை மட்டும் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில், சாதாரணத் தாளில், சிறிதாக்கி அச்சிட்டிருந்தும் ஒரு கால்கூடத் தடுமாறவில்லை. குளம்படியில் தூசி எழுகிறது, சேணத்தின் கனம் தெரிகிறது.

டைகருக்குப் பிரெஞ்சில் ப்ளூபெர்ரி என்று பெயர். வரைந்தவர் ழான் ஜிரோ, 1938-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பதின்வயதில் மெக்சிகோவில் அம்மாவுடன் சில மாதங்கள் தங்கினார். அங்கே பார்த்த பாலைவனம் கடைசிவரை அவர் படங்களில் வந்துகொண்டே இருந்தது.

அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது என்னை நிறுத்திய செய்தி வேறு. அவரும் மை போட்டிருக்கிறார்! 1961 வாக்கில், பெல்ஜிய ஓவியர் ழிஜேயின் ஜெரி ஸ்பிரிங் என்ற கவ்பாய் தொடரில் ஒரு கதைக்கு. அப்புறம் கதாசிரியர் ஷார்லியே புதிய கவ்பாய் தொடருக்கு முதலில் ழிஜேயைத்தான் கேட்டார். அவர் தன் சீடனைக் கைகாட்டினார். 1963-இல் பிலோட் வார இதழில் ப்ளூபெர்ரி தொடங்கியது. ஜிரோவால் முடியாதபோது சில பக்கங்களை ழிஜேயே வரைந்தும் கொடுத்தார். இப்படி ஒரு குரு வாய்ப்பது பெரிய பாக்கியம்.

ப்ளூபெர்ரிக்கு 'ஜிர்' என்று கையெழுத்திட்டவர், தன் சொந்தக் கனவுகளுக்கு 'மோபியஸ்' என்று போட்டார். 1975-இல் வந்த அவருடைய அர்சாக் என்ற படக்கதையில் வசனமே கிடையாது. ஒருவன் ராட்சதப் பறவைமேல் ஏறி வெறும் நிலத்தின்மேல் பறக்கிறான். இரண்டையும் வரைந்தது ஒரே ஆள் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அர்சாக்கின் பாறைகளுக்கு அந்தக் கனம் வந்தது, பத்து வருடத்துக்கும் மேலாக இன்னொருவர் கதைக்கு மலையும் குதிரையும் வரைந்த கையால்தான்.

மறுநாள் அனுமதி கேட்டு அந்தக் குதிரைப்படையை முதலிலிருந்து தொடங்கினேன். மை தொடுமுன் ஒவ்வொரு காலுக்கும் தனித்தாளில் எலும்பை வரைந்து பார்த்தேன். மூன்று நாள் ஆனது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படத்தைக் கொடுத்தபோது, பின்னணி மலை இருக்கவேண்டிய இடத்தைப் பென்சில் படாமல் வெள்ளையாக விட்டிருந்தார்.