கார்க்கசோன் நாட்குறிப்பு: ஸ்லேட்டும் ஓடும்

அக்டோபர் 4
இன்றும் டாக்டர் வரவில்லை.

அக்டோபர் 5
அப்பாவின் கட்டிலைச் சன்னலோரம் மாற்றிவிட்டார்கள். குன்றின் மேல் கார்க்கசோன் கோட்டை முழுசாகத் தெரிகிறது. ‘கூரை’ என்றார். தெளிவாக. அப்புறம் ஒரு சொல்லும் இல்லை.

அக்டோபர் 6
தூக்கமில்லை. கோட்டையைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1849இல் மதில்களை இடித்துத் தள்ள பிரெஞ்சு அரசாங்கமே முடிவெடுத்திருக்கிறது. உள்ளூர்க்காரர் க்ரோ-மேரவியேயும் எழுத்தாளர் மெரிமேயும் மல்லுக்கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1853இல் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக் கோட்டையைப் புதுப்பிக்கும் வேலையை ஆரம்பித்தார். 1879இல் அவர் செத்தபோதும் முடியவில்லை. அடுத்த நூற்றாண்டு வரை இழுத்தது.

அக்டோபர் 8
அப்பாவின் வலது கை அசையவில்லை.

அக்டோபர் 9
அந்தக் கூரைதான். பிரான்சின் இந்தத் தெற்குப் பக்கத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் சரிவு குறைந்த சிவப்பு ஓடு. கோபுரங்களில் மட்டும் ஊசிமுனைக் கூரை, கருஞ்சாம்பல் ஸ்லேட்டுக் கல். வடக்கத்திக் கூரையை வியொலே-லெ-துக் தெற்கே கொண்டுவந்து கவிழ்த்துவிட்டார் என்று வைகிறார்கள். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் வெளிமதிலைக் கட்டியவர்கள் வடக்கே இருந்த ராஜாவின் ஆட்கள்தானே? பழகிய கூரையைப் போட்டிருக்க மாட்டார்களா? ரோமர் காலத்துக் கோபுரங்களுக்கும் அதையே போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிற்பாடு அவற்றில் சிலதைப் பிரித்து ஓடு வேய்ந்துவிட்டார்கள். புதுப்பிப்பது என்றால், எந்தக் காலத்திலும் இருந்தேயிராத ஒரு முழுமைக்குக்கூடக் கொண்டுபோவது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். என்ன துணிச்சல்!

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டாள்: ‘முன்பெல்லாம் எப்படிப் பேசுவார்?’ புதுச்சேரியிலா, ரிட்டயர் ஆன பிறகா?

அக்டோபர் 11
இரண்டு மதில்களுக்கும் நடுவே குடியிருந்த ஏழை நெசவாளர்களைக் காலிசெய்து, வீடுகளை இடித்துத்தான் இந்த அழகு. கூரைக்கு வைகிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அக்டோபர் 12
இன்ஷூரன்ஸ் தாள். மறுபடியும்.

அக்டோபர் 14
அப்பாவுக்கு இந்தக் கோட்டையின் பிரபு ட்ராங்கவேல் கதை சொன்னேன். 1209 ஆகஸ்ட், சிலுவைப்படை சுற்றி வளைத்துவிட்டது. உள்ளே தண்ணீர் தட்டுப்பாடு. பேச்சுவார்த்தைக்குப் போன ட்ராங்கவேலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நவம்பரில் தன் கோட்டைச் சிறையிலேயே செத்தான். 24 வயது. அப்பா சைகையால் தண்ணீர் கேட்டார். புரையேறாமல் இருக்கக் கெட்டியாக்கும் பொடி கலந்த தண்ணீர்தான் கொடுக்கலாம். துப்பிவிட்டார். நானாக இருந்தாலும் துப்பியிருப்பேன்.

அக்டோபர் 15
சிரித்தார்! இடது பக்கம் மட்டும்.

அக்டோபர் 17
நார்பொன் ஊரில் அப்பாவின் சிகிச்சைக்கு இடம் கிடைத்துவிட்டது. நாளைக் காலை ஆம்புலன்ஸ். ட்ராங்கவேலின் மகன் 1240இல் திரும்பி வந்து கோட்டையைப் பிடிக்கப் பார்த்ததைப் பாதியில் விட்டிருந்தேன். மேலே சொல் என்று கையை ஆட்டினார். சுரங்கம் தோண்டினார்கள் அப்பா, மதிலுக்கு அடியில் என்று ஆரம்பித்தேன், ஊசி போட வந்துவிட்டார்கள்.